வைஃபை சாவி யார் கையில்? மன்னாரில் கற்ற பாடம்



மன்னார் என்றதும் நம்மில் வயதானவர்களுக்கு முதலில் நினைவு வருவது தலைமன்னார் இறங்குதுறைதான். 1914இலிருந்து நம் தாத்தா பாட்டிமார் தனுஷ்கோடியில் கப்பலேறி அங்கேதான் இறங்கினார்கள், அங்கிருந்து ரயிலில் மலைக்கு வந்தார்கள். அதற்கும் முந்தின தலைமுறைக்கு ரயிலும் இல்லை, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடை. அந்த நடையை நினைத்துத்தான் 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் கிளம்பியவர்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு நடந்து வந்து சேர்ந்தார்கள்.

இந்த முறை நாங்கள் எழுதப் போவது பழங்கதை இல்லை. வீட்டில் வைத்திருக்கும் இன்டர்நெட் ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி என்பதுதான் பாடம். "இதுக்கும் மன்னாருக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மன்னார்த் தீவில் நம்மவர் வீடொன்றில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்கும் மன்னார்ப் பக்கத்துக்கும் போன குடும்பங்கள் நிறைய என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப் போன குடும்பம் ஒன்று. தாத்தாவும் அப்பாயியும் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். மகன் மேசன் வேலை, மருமகள் தையல். பேரனும் பேத்தியும் படிக்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு பெருநிலத்திலிருந்து தீவுக்கு வந்து, பனைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கல்வீடு கட்டியிருக்கிறார்கள். பேத்தியின் படிப்புக்காகச் சிம் போடும் ரவுட்டர் ஒன்று வாங்கினார்கள். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவு உண்டு. அளவு முடிந்தால் மறுபடி காசு கட்ட வேண்டும்.

முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்றாம் மாதத்திலிருந்து 20ஆம் திகதி வருமுன்பே டேட்டா தீர்ந்துபோகத் தொடங்கியது. அப்பா பேரனைத் திட்டினார், "நீ கேம் விளையாடி முடிச்சிட்டே." பேரன் அக்காவைக் காட்டினான். அக்கா அழுதாள். வீட்டுக்குள்ளே ஒரே சண்டை. பேத்தி பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாளிலும் இதே கதைதான். அந்த விண்ணப்பத்தை இப்போது கம்ப்யூட்டர் வழியாகத்தான் நிரப்ப வேண்டும். பாதி நிரப்பியிருக்கும்போது இன்டர்நெட் நின்றுவிட்டது. தாய் சட்டை தைத்த காசை எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு மன்னார் டவுனுக்கு ஓடினார். கொமியூனிகேஷன் கடைக்காரர் கதவைச் சாத்துமுன் அனுப்பிவிட்டார்கள். பஸ் கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிருக்கும்.

நாங்கள் போயிருந்தபோது ரவுட்டருக்குள்ளே நுழைந்து, எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தோம். வீட்டில் இருப்பது நாலு போன். பட்டியலில் இருந்தது பதினேழு!

கள்ளன் யாரும் இல்லை. ரவுட்டர் வாங்கின நாளில் பேரன் அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டுக் கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். அவன் தன் மச்சானுக்கு, மச்சான் கடற்கரையில் வலை தைக்கிற பொடியன்களுக்கு. சாயந்தரமானால் வேலியோரம் நாலைந்து பேர் உட்கார்ந்து சினிமா பார்த்திருக்கிறார்கள். மன்னார் மட்டமான பூமி, மறைக்கிற மலையும் இல்லை மேடும் இல்லை. சிக்னல் ஒழுங்கைவரை தாராளமாகப் போகிறது.

பாஸ்வேர்டை மாற்றிவிடுவோம் என்றோம். தாய் சம்மதிக்கவில்லை. "நாங்க இந்த ஊருக்கு வந்தவங்க. தோட்டக்காட்டு ஆளுங்கன்னு சொல்லாம, கிணத்துத் தண்ணி குடுத்த சனம் இது. புயல் மழைக்கு அவுக வீட்டுலதான் படுத்தோம். இப்ப நாங்க எப்புடிங்க கதவைச் சாத்துறது?" என்று கேட்டார். இதற்குச் சட்டென்று பதில் சொல்ல எங்களால் முடியவில்லை.

அப்போது மூலையில் இருந்த அப்பாயி தன் மாமியார் சொன்ன ஒரு கதையை எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் எழுத்தும் இலக்கமும் அடித்த தகரவில்லை ஒன்றைக் கோத்துவிடுவார்கள். அது இருந்தால் வழியில் டிக்கெட்டுக் காசு கேட்கமாட்டார்கள், சோறும் கிடைக்கும். ஆளின் பெயரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை, தகரம்தான் பேசும். செலவெல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஏறும். தோட்டம் அதைத் தொழிலாளியின் தலையில் கடனாக இறக்கும். "தகரத்தை யாரு போட்டிருந்தா என்னா, கணக்கு ஒருத்தன் பேருலதானே விழுந்திச்சு" என்றார் அப்பாயி.

வைஃபை பாஸ்வேர்டும் சரியாக இந்த வேலையைத்தான் செய்கிறது. ரவுட்டருக்கு உங்கள் மகளையும் தெரியாது, வேலியோரத்துப் பொடியனையும் தெரியாது. எழுத்துகள் ஒத்துப்போனால் உள்ளே விடும். பில் மட்டும் சிம் யார் அடையாள அட்டையில் எடுத்ததோ அவர் பெயரில். பில் மட்டும்தானா? யாராவது உங்கள் லைனிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் படத்தைக் கெட்ட முறையில் போட்டால், யாரையாவது ஏமாற்றிக் காசு வாங்கினால், விசாரணை முதலில் வருவதும் உங்கள் வாசலுக்குத்தான். அனுமதியில்லாமல் அடுத்தவர் கருவிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனால் நீங்களே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அனுமதி கொடுக்கவில்லை என்று சொல்லி நிற்பது லேசான காரியமில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம்.

ரவுட்டருக்குப் பாஸ்வேர்ட் இரண்டு. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வைஃபை பாஸ்வேர்ட். போனைச் சேர்க்கும்போது கேட்பது அது, வீட்டு வாசல் சாவி மாதிரி. மற்றது ரவுட்டரின் உள்ளே போய் அமைப்பை மாற்றுவதற்கான பாஸ்வேர்ட், அதை 'அட்மின்' பாஸ்வேர்ட் என்பார்கள். அது அலுமாரிச் சாவி. வாசல் பூட்டை மாற்றிவிட்டு அலுமாரியைத் திறந்தே வைத்திருக்கிற வீடுதான் நம்மிடத்தில் அதிகம். நாங்கள் பார்த்தவரை அட்மின் பாஸ்வேர்டை மாற்றின வீட்டை விரல்விட்டு எண்ணலாம்.

முதலில் ரவுட்டரைத் திருப்பி அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்ட், புள்ளி வைத்த நாலு எண், அட்மின் பெயர், அட்மின் பாஸ்வேர்ட் எல்லாம் அதில் இருக்கும். புள்ளி வைத்த எண் பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று இருக்கும். உங்கள் ஸ்டிக்கரில் எது இருக்கிறதோ அதையே எடுங்கள். இந்த ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாதீர்கள், பிறகு தேவைப்படும். ஒரு போட்டோ எடுத்து உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போனை அந்த வைஃபையில் சேருங்கள். சேர்ந்த பிறகு போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யாமல்தான் பலர் "பக்கம் வரமாட்டேங்குதே" என்று கைவிடுகிறார்கள். ரவுட்டரின் பக்கம் இருப்பது உங்கள் வீட்டுக்குள்ளே. போன் வெளியே போய்த் தேடினால் கிடைக்காது. (தலைமன்னார்ப் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. தனுஷ்கோடி அங்கிருந்து 30 கிலோமீட்டர் அளவில்தான், அதனால் சில இடங்களில் போன் தானாகவே இந்திய டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் கணக்கு ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பக்கம் போகிற நம்மவர்கள் நெட்வொர்க்கைக் கையால் தெரிவு செய்து வைப்பது நல்லது.)

இனி குரோம் மாதிரியான பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி எழுதும் கோட்டில் அந்தப் புள்ளி எண்ணை அடியுங்கள். கூகுளில் தேடுகிற இடத்தில் அடித்துவிட்டு எதையெதையோ திறக்காதீர்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பக்கம் வரும். ஸ்டிக்கரில் உள்ள அட்மின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் உள்ளே போகலாம். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். வீட்டில் ஓ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'வைஃபை' அல்லது 'டபிள்யூலேன்' என்ற இடத்தைத் தேடி, அதற்குள் 'செக்யூரிட்டி' என்ற பகுதிக்குப் போங்கள். பாஸ்வேர்ட் என்ற சொல்லுக்குப் பதில் சில ரவுட்டரில் 'கீ' என்றோ 'பாஸ்பிரேஸ்' என்றோ போட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

அதே இடத்தில் பூட்டின் வகையையும் பார்க்க வேண்டும். 'டபிள்யூபிஏ2' அல்லது 'டபிள்யூபிஏ3' என்று இருந்தால் நல்லது. 'டபிள்யூஈபி' என்பது 2001லேயே உடைக்கப்பட்ட பழைய பூட்டு. 'ஓப்பன்' என்றால் பூட்டே இல்லை. 'டபிள்யூபிஎஸ்' என்று ஒரு வசதியும் இருக்கும், எட்டு இலக்க எண் கொண்டு சேர்க்கிற முறை. அதை ஊகித்துவிடலாம் என்று 2011இல் கண்டுபிடித்தார்கள், அதையும் நிறுத்தி வையுங்கள்.

புதிய பாஸ்வேர்டை எழுதிச் 'சேவ்' அல்லது 'அப்ளை' அழுத்தியதும் உங்கள் போனே வைஃபையிலிருந்து அறுந்துபோகும். ஐயோ கெடுத்துவிட்டோம் என்று பதற வேண்டாம், அப்படித்தான் நடக்க வேண்டும். போனில் பழைய இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து அழித்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டைப் போட்டுச் சேருங்கள். வீட்டில் டிவியோ கேமராவோ வைஃபையில் ஓடினால் அதற்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

என்ன பாஸ்வேர்ட் வைப்பது? எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, 63வரை போகலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு வேறாகவே கணக்கு. நம்மவர்கள் பெரும்பாலும் வைப்பது போன் நம்பர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு மொபைல் நம்பர் 10 இலக்கம், முதல் இரண்டும் எப்போதும் 07. மிச்சம் எட்டு இலக்கம், அதாவது அதிகம் போனால் 10 கோடி நம்பர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு போன் ரவுட்டரில் சேரும்போது இரண்டுக்கும் நடுவே நடக்கிற பேச்சை ரோட்டில் நின்று ஒருவன் பதிந்துகொண்டு போய்விட்டால், பிறகு வீட்டில் இருந்தே ஒவ்வொரு நம்பராகப் பொருத்திப் பார்க்கலாம். கேம் விளையாடுகிற நல்ல கம்ப்யூட்டருக்கு 10 கோடி என்பது சில நிமிட வேலை. போன் நம்பரைத் தெரிந்தவன் என்றால் அதுவும் வேண்டாம், ஒரே அடி. பிள்ளையின் பெயரும் பிறந்த வருஷமும் வைப்பதும் இதே மாதிரிதான்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொல்லை எடுத்து ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். தராசு, முருங்கை, கம்பளி, எருமை என்பது மாதிரி. நீளமாக இருக்கும், உங்களுக்கு மறக்காது, ஊகிக்கிறவனுக்குக் கஷ்டம். இங்கே அச்சடித்ததையே எடுத்து வைத்துவிடாதீர்கள், இதை எல்லாத் தோட்டத்திலும் படிப்பார்கள்! ஒரு கொப்பியில் எழுதி அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பெட்டியில் வையுங்கள். சுவரில் கரியால் எழுதி வைத்த வீட்டையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது அட்மின் பாஸ்வேர்ட். பல ரவுட்டர்களில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே கம்பெனியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வைஃபையில் சேர்ந்த எவனும் உள்ளே போய் நீங்கள் மாற்றினதைத் திருப்பி மாற்றலாம். பிரேசில் நாட்டில் 2011இல் 45 லட்சம் வீட்டு மோடங்களுக்குள் திருடர்கள் புகுந்து வழிகாட்டி முகவரியை மாற்றிவிட்டார்கள். ஜனங்கள் பாங்கின் பெயரைச் சரியாகத்தான் அடித்தார்கள், ஆனால் போய்ச் சேர்ந்தது திருடனின் பக்கத்துக்கு. அங்கே திருடர்களுக்கு வழிவிட்டது மோடத்துக்குள் இருந்த ஓட்டை. 2016இல் 'மிராய்' என்று ஒன்று கிளம்பியது. தொழிற்சாலையில் போட்ட பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபது சொச்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அதைச் செய்தவர்கள் அமெரிக்க இளைஞர்கள் மூவர். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே லேசான பாஸ்வேர்ட் போட்டு விற்பது சட்டத்துக்கு விரோதம். இந்த மாதிரிச் சட்டம் எல்லா நாட்டிலும் வர வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதுவரை நாமேதான் மாற்றிக்கொள்ள வேண்டும். 'சிஸ்டம்' அல்லது 'மேனேஜ்மென்ட்' என்ற இடத்துக்குள் அது இருக்கும். வைஃபைக்கு வைத்ததையே இதற்கும் வைக்க வேண்டாம். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

மறந்துபோனால்? ரவுட்டரின் பின்னால் ஊசி முனை அளவில் 'ரீசெட்' துளை இருக்கும். கரண்ட் இருக்கும்போதே ஊக்கு ஒன்றால் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும், ஸ்டிக்கர் பாஸ்வேர்டே மறுபடி வேலை செய்யும். சிம் போடும் ரவுட்டர் என்றால் இது பெரும்பாலும் பிரச்சினையில்லை. ஆனால் வயரில் வருகிற ஃபைபர் இணைப்பில் கம்பெனி போட்ட அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகலாம், பிறகு அவர்கள் ஆள் வந்து சரிசெய்யும்வரை இன்டர்நெட் கிடையாது. அப்படியானவர்கள் துளையைத் தொடுமுன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

இதெல்லாம் கைவேலை. அந்தத் தாய் கேட்ட கேள்விதான் கஷ்டமானது. மன்னாரில் கிணற்றுத் தண்ணீர் என்றால் நம் லயத்தில் உப்பு, நெருப்பு, பீலித் தண்ணீர் எல்லாமே பங்குதான். ஒரு காம்பராவில் ரவுட்டர் வைத்தால் இரண்டு பக்கத்துக் காம்பராவுக்கும் சிக்னல் தானாகப் போகும். பக்கத்துக் காம்பராப் பிள்ளை படிக்கக் கேட்டால் இல்லையென்று சொல்லச் சொல்லி நாங்கள் எழுதமாட்டோம். பாஸ்வேர்ட் நம் கையை விட்டுப் போகாமல் பங்கு வைக்க வேண்டும், அவ்வளவுதான். பல ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று தனியாக ஒரு வைஃபை திறக்கலாம். அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். மாதம் ஒருதரம் மாற்றினாலும் வீட்டுப் போன்களுக்குத் தொல்லை இல்லை, டேட்டா குறைந்தால் அதை மட்டும் மூடிவிடலாம். அது இல்லாத ரவுட்டர் என்றால் பாஸ்வேர்டை வாயால் சொல்லாமல், அவர்கள் போனை வாங்கி நீங்களே அடித்துக் கொடுங்கள். இதுவும் முழுப் பூட்டு இல்லை. இப்போதைய போன்களில் வைஃபையைப் பங்கு வைக்கிற கட்டம்போட்ட கியூஆர் படம் வரும், அதற்குக் கீழேயே சில போன்களில் பாஸ்வேர்டும் தெரியும். அந்தப் படத்தை அனுப்புவதும் சாவியை அனுப்புவதும் ஒன்று. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்திருக்கிற போன்களின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மன்னார் வீட்டில் கடைசியில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். "கம்பெனிக்காரன் மாத்தச் சொல்லிட்டான்னு சொல்லிருவோம்" என்றான் பேரன். அப்பா வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பகல் தாயும் மகளும் அக்கம்பக்கத்து வீடு ஐந்துக்கும் நேரில் போய், விண்ணப்பம் அனுப்ப முடியாமல் டவுனுக்கு ஓடின கதையை உள்ளபடி சொன்னார்கள். இன்று ராத்திரி பாஸ்வேர்டை மாற்றப் போகிறோம், படிக்கிற பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் போனைக் கொண்டுவந்தால் சேர்த்துத் தருகிறோம், சினிமாவுக்கு மட்டும் வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டில் முகம் கொஞ்சம் கோணியது. அந்த வீட்டுக்காரர் இன்றுவரை சரியாகப் பேசுவதில்லையாம். எதிர்வீட்டு மீன்காரம்மா மட்டும், "ஓம் பிள்ளை, முந்தியே சொல்லியிருக்கலாம்தானே, எங்கட பொடியன் பார்க்கிறது எனக்கே தெரியாது" என்று மகனை அதட்டினார்.

ராத்திரி எட்டு மணிக்குப் பேத்தி 'சேவ்' அழுத்தினாள். பதினேழு போனும் ஒன்றாக அறுந்தன. வேலியோரத்தில் "என்னடா நிண்டிட்டுது" என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மீன்காரம்மா ஒரு சட்டியில் மீன்குழம்போடு வந்து, தன் மகளின் போனைப் பேத்தியிடம் நீட்டினார். மகள் ஓ.எல். எடுக்கிற பிள்ளை. பேத்தி போனைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தாள்.